வயது வந்தவரும் முதிர்ந்தவரும்

கடந்த கோடை விடுமுறையில் ஒரு மாலை, நெடுநாளைய நண்பர் ஒருவரைக் காண அவர் இல்லம் சென்றிருந்தோம். கூடத்தின் மூலையில் அவருடைய மகன் கணினியின் முன் அமர்ந்திருந்தான். பதினோராம் வகுப்பை முடித்தவன். ஞாயிறுதோறும் பீடத்தில் பணிபுரிபவன். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கத் தெரிந்தவன். அன்றும் எழுந்து நின்றான். ஆனால் திரையில் ஓடிக்கொண்டிருந்த ஒருவனைச் சுட்டு வீழ்த்திவிட்டே எழுந்தான்.

விளையாட்டு நின்ற திரையின் ஓரத்தில் 'எம்' என்னும் ஆங்கில எழுத்தும், அதனருகில் '17+' என்ற குறியும் தெரிந்தன. "இது என்ன தம்பி?" என்று கேட்டோம்.

"மெச்சூர்னு அர்த்தம் அங்கிள். பதினேழு வயசு ஆகணும். எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு" என்றான். எட்டு மாதங்கள் அவனுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

வாசல் வரை வழியனுப்ப வந்த நண்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தடுக்கவும் மனசு வரல, விடவும் மனசு வரல. நீங்க என்ன சொல்றீங்க?" எனக் கேட்டார். நாம் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டுப் புறப்பட்டோம். உண்மையில் நம்மிடம் விடை இருக்கவில்லை. எட்டு மாதங்களில் அந்தப் பையனுக்குள் எது கனிந்துவிடப் போகிறது என்ற கேள்வி மட்டும் நம்மோடு பேருந்தில் ஏறி வீடு வரை வந்தது.

அந்த எழுத்து பிறந்த கதையை முதலில் அறிந்துகொள்வது நலம். 1992-ஆம் ஆண்டு 'மார்ட்டல் காம்பட்' என்னும் சண்டை விளையாட்டு அமெரிக்கக் கேளிக்கைக் கூடங்களில் அறிமுகமாயிற்று. தோற்றவனின் இதயத்தைப் பிடுங்குவதும், அவன் தலையை முதுகெலும்போடு பறித்தெடுப்பதும் அதில் வெற்றியாளனுக்குரிய பரிசுகள். மறு ஆண்டு அது வீட்டுக் கருவிகளுக்கு வந்தபோது, நின்டெண்டோ நிறுவனம் இரத்தத்தை நீக்கி, அதனைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றியது. போட்டியாளரான சேகா நிறுவனமோ, ஓர் இரகசிய வரிசையில் பொத்தான்களை அழுத்தினால் இரத்தம் தெறிக்கும்படி வைத்தது. அதிகம் விற்றது சேகாவின் பதிப்புதான். பெற்றோர் கொதித்தனர். 1993 டிசம்பரில் அமெரிக்கச் செனட் அவையின் உறுப்பினர்கள் ஜோசப் லீபர்மனும் ஹெர்ப் கோலும் இது குறித்து விசாரணை நடத்தினர். நீங்களே உங்களைத் திருத்திக்கொள்ளாவிடில் அரசு திருத்தும் என்ற எச்சரிக்கை எழுந்தது. அதன் விளைவாக 1994-இல் விளையாட்டு நிறுவனங்கள் தாமே ஒரு தரக்குறியீட்டு வாரியத்தை அமைத்தன. நண்பரின் இல்லத்தில் நாம் கண்ட எழுத்து அவ்வாறு வந்ததே.

நம் நாட்டில் 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் படங்களுக்கு 'யு', 'ஏ' என்னும் சான்றுகளை வகுத்தது. 1983-இல் 'யு/ஏ' என்பதும் சேர்ந்தது. 2023-இல் வந்த திருத்தம் அதனையும் 7, 13, 16 என மூன்று வயதுகளாகப் பிரித்தது. 'ஏ' என்பதற்கு நாம் வழங்கும் தமிழ் 'வயது வந்தோர்க்கு மட்டும்' என்பது. அது நேர்மையான சொல் என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆண்டுகளை எண்ணுகிறது, அதற்கு மேல் எதையும் உரிமை கொண்டாடவில்லை. அமெரிக்க வாரியத்தாரோ ஒருபடி மேலே சென்று 'முதிர்ந்தவர்' என்ற சொல்லைத் தேர்ந்துகொண்டனர். அவர்கள் கணக்கில் பதினேழில் ஒருவன் முதிர்ந்துவிடுகிறான். பதினெட்டில்தான் வயது வந்தவனாகிறான்! பதினெட்டு நிறைந்தோர்க்கென அவர்களிடம் வேறொரு குறி தனியே உண்டு. வயது வருவதற்கு ஓராண்டு முன்பே முதிர்ச்சி வந்துவிடும் இவ்விந்தையை எவரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இக்குறிகளை நாம் இகழவில்லை. கடையில் நிற்கும் தாய்க்கு, உறைக்குள் என்ன இருக்கிறது எனச் சொல்ல ஒருவர் வேண்டும். எவ்வளவு இரத்தம், எவ்வளவு நிர்வாணம், எத்தகைய வசைமொழி என்பதைக் குறி சொல்லும். எதற்காக அந்த இரத்தம் என்பதை அதனால் சொல்ல இயலாது. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்க்கு விற்பதைத் தடைசெய்த கலிபோர்னியச் சட்டத்தை ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் செல்லாதென அறிவித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கேலியா கிரிம் சகோதரர்களின் கதைகளைச் சுட்டிக்காட்டினார். சூனியக்காரியை அடுப்பில் தள்ளிச் சுட்டுக் கொல்வது இரண்டு குழந்தைகள். அதனைக் கேட்டபடி உறங்குவதும் குழந்தைகள். அத்தீர்ப்பு முழுவதையும் நாம் ஏற்கிறோம் எனச் சொல்லவில்லை. சிறுவன் கேட்கும் கதையும் சிறுவன் சுடும் துப்பாக்கியும் ஒன்றா என்ற ஐயம் நமக்கு உண்டு. அதற்குப் பின்னர் வருவோம்.

'முதிர்தல்' என்ற நம் சொல் வயலிலிருந்தும் தோப்பிலிருந்தும் வந்தது. முதிர்ந்த கதிர் தலை சாய்க்கும். காய் தன் காலத்தில் முதிர்ந்து கனியாகும். காலத்திற்கு முந்தியதை 'பிஞ்சிலே பழுத்தது' என்று நம் முன்னோர் சொன்னார்கள்; கெட்டிக்காரத்தனம் மிகுந்து ஒழுக்கம் குன்றிய பிள்ளையைக் குறித்தே அப்படிச் சொன்னார்கள். சந்தையில் கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழத்தை வாங்கி ஏமாறாதவர் நம்முள் எவர்? தோல் பொன்னாக மின்னும், கடித்தால் புளிக்கும். முதிர்ந்தோர்க்குரியவை என்று விற்கப்படும் கேளிக்கைகளில் பலவும் இந்த மாம்பழ வகையைச் சேர்ந்தவை. இரத்தமும் வசையும் மிகுந்த அவற்றின் உள்ளே இருப்பது பன்னிரண்டு வயதுச் சிறுவனின் ஆசை: எல்லாரையும் வெல்லவேண்டும், எவருக்கும் பதில் சொல்லக்கூடாது.

வயது ஒருவனைக் காக்குமா என்பதற்கு, புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலின் ஆறாம் பகுதியில் சொல்லும் ஒரு நிகழ்ச்சியைவிடத் தக்க சான்று இல்லை. அவருடைய நண்பர் அலிப்பியுஸ் சட்டம் பயில உரோமைக்குச் சென்றார். நேர்மைக்குப் பெயர் பெற்ற இளைஞர்; வாள் வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாகும் களியாட்டத்தை வெறுத்தவர். உடன் பயின்றோர் அவரை வலிந்து இழுத்துச் சென்றனர். என் உடலை இழுத்துச் செல்லலாம், கண்களை உங்களால் திறக்க இயலாது என்று சொல்லி, இமைகளை இறுக மூடி அமர்ந்திருந்தார். ஒருவன் வீழ்ந்தான்; கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்த ஓசைக்குச் செவியை மூட அவர் மறந்திருந்தார். எதுவாயினும் பார்த்துவிட்டு இகழ்வோம் என்றெண்ணிக் கண் திறந்தார். திறந்த கணமே அந்தக் கொடுமையைக் குடித்து மயங்கினார். தாமும் ஆர்ப்பரித்தார், மீண்டும் போனார், பிறரையும் இழுத்துக்கொண்டு போனார். 387-இல் அகுஸ்தினாரோடு திருமுழுக்குப் பெற்று, பிற்காலத்தில் ஆயராகவும் உயர்ந்த அந்த அலிப்பியுசை, அன்றைய அரங்கின் வாசலில் இன்றைய வாரியம் எதுவும் தடுத்திருக்காது. வயது நிறைந்தவர், கற்றவர், ஒழுக்கமுள்ளவர் என உள்ளே விட்டிருக்கும். அவருடைய பிழை தம் இமைகளை மிகையாக நம்பியதுதான். 'நமக்கு ஒன்றும் ஆகாது, நாம் பெரியவர்கள்' என்று சொல்லும் எவரும் அவர் அருகிலேயே அமர்ந்திருக்கிறோம்.

அப்படியாயின் கொடுமையைக் காட்டுவதே கூடாதா? திருச்சபை அவ்வாறு சொல்லவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பு, அறநெறிக்கு உட்பட்டுத் தீமையைச் சித்திரிப்பது மனிதனை ஆழமாக அறிய உதவக்கூடும் என ஏற்கிறது. 1995-இல், திரைப்படம் பிறந்து நூறாண்டு நிறைந்ததையொட்டி வத்திக்கான் நாற்பத்தைந்து படங்களைத் தேர்ந்து ஒரு பட்டியல் வெளியிட்டது. போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி பத்துக் கட்டளைகளை அடியொற்றி எடுத்த 'டெக்கலாக்' என்னும் பத்துப் படங்களின் தொகுதி அதில் இடம்பெற்றது. அதன் ஐந்தாம் படம் கொலையைப் பற்றியது. ஓர் இளைஞன் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரைக் கொல்கிறான். பின்னர் அரசு அந்த இளைஞனைத் தூக்கிலிடுகிறது. இரண்டும் நம் கண்முன் நிகழ்கின்றன. இரத்தத்தை மட்டும் அளப்பவர்க்கு அப்படம் தள்ளத்தக்கதே.

ஆனால் அதில் சாவு எளிதாக வருவதில்லை. அந்த ஓட்டுநர் சாக நெடுநேரம் ஆகிறது. போதும், இதை நிறுத்துங்கள் என்று நம் உள்ளம் கதறுகிறது, காட்சியோ நிற்பதில்லை. நண்பரின் மகன் வீழ்த்தியவனோ விழுந்த சில நொடிகளில் திரையிலிருந்து மறைந்துவிட்டான். அத்தகைய விளையாட்டுகள் பலவற்றில் பிணங்கள் இவ்வாறு தாமே கரைந்துபோகும். கணினிக்குச் சுமை குறையுமாம். இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகக் கற்ற நமக்கு இது நெருடவேண்டும். அங்கே அடக்கம் செய்ய உடல் இல்லை. அழுவதற்குத் தாய் இல்லை. செயலின் விலையைக் கண்ணுக்கு மறைத்து, செயலின் இன்பத்தை மட்டும் கையில் கொடுப்பதே குழந்தைத்தனமான கேளிக்கை. அதன்மேல் எந்த எழுத்து ஒட்டப்பட்டிருந்தாலும் சரி. விலையை மறைக்காமல் காட்டுவதை முதிர்ந்த கேளிக்கை என்போம். அது எத்தனை வயதினர்க்குரியது என்பது வேறு கேள்வி.

முன்னர் ஒத்திவைத்த ஐயத்திற்கு இப்போது வரலாம். படத்தில் நாம் பார்க்கிறோம். விளையாட்டில் நாம் செய்கிறோம். விரல் நம்முடையது. இதனாலேயே விளையாட்டு படத்தைவிடத் தீயது என்பர் பலர். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்தக் கருத்தை அசைத்தது போலந்திலிருந்தே வந்த மற்றொரு படைப்பு. வார்சா நகரத்து நிறுவனம் ஒன்று 2014-இல் வெளியிட்ட 'திஸ் வார் ஆஃப் மைன்' என்னும் விளையாட்டு அது. 1992 முதல் 1996 வரை முற்றுகையிடப்பட்டுக் கிடந்த சரயேவோ நகர மக்களின் துயரத்தை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டது. போரைப் பற்றியதாயினும், அதில் நாம் போர்வீரர் அல்லர். இடிந்த வீடொன்றில் ஒதுங்கிய சில சாதாரண மனிதர்களை நாம் உயிரோடு காக்கவேண்டும். பகலில் மறைந்திருந்து சுடுவோர்க்கு அஞ்சி எவரும் வெளியே போக இயலாது. அடுப்பு மூட்டலாம், கட்டில் செய்யலாம், காயத்திற்குக் கட்டுப் போடலாம். இரவில் ஒருவர் மட்டும் வெளியேறி உணவோ மருந்தோ தேடிவரவேண்டும்.

அவ்வாறு தேடிப் போகும் இடங்களுள் ஒன்று, முதிய கணவனும் மனைவியும் மட்டும் வாழும் வீடு. அங்கே உணவு இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. அவர்களால் நம்மைத் தடுக்க இயலாது. கெஞ்ச மட்டுமே இயலும். எடுக்கலாமா? எடுத்தால் நம் வீட்டில் நோயுற்றுக் கிடப்பவன் பிழைப்பான். விளையாட்டு எந்தப் பக்கமும் சாய்ந்து உபதேசம் செய்யவில்லை. எடுத்துக்கொண்டு திரும்பினால், மறுநாள் நம் ஆட்கள் மனம் சோர்ந்து கிடக்கிறார்கள். சோர்வு முற்றினால் வேலை ஓடாது, உணவு இறங்காது, வாழும் விருப்பமே அற்றுப்போகவும் கூடும். பிணம் மறைந்தாலும் செய்த செயல் மறையாத ஒரு விளையாட்டை நாம் கண்டது அதுவே முதன்முறை. 2020-இல் போலந்து அரசு உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குப் பரிந்துரைக்கும் படைப்புகளின் பட்டியலில் இதனைச் சேர்ப்பதாக அறிவித்தது. வயதுக் குறியை மட்டும் மதித்து, பதினெட்டு நிறைந்த மாணவர்க்கே என்றனர்.

ஆகவே, விரல் நம்முடையது என்பதே இதில் ஆபத்து. விரல் நம்முடையது என்பதே வாய்ப்பும். பிறன் செய்த பாவத்தைத் திரையில் கண்டு, நாம் அவ்வாறு செய்யோம் எனப் பெருமூச்சு விடலாம். தானே எடுத்த மருந்தை எவன் மேல் சுமத்துவது?

துளி இரத்தமும் இல்லாமல் இதனைச் செய்த விளையாட்டும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த ரையன் கிரீன், ஏமி கிரீன் என்ற கிறிஸ்தவத் தம்பதியரின் மகன் ஜோயலுக்கு, ஒரு வயதிலேயே மூளையில் புற்றுநோய் கண்டது. விளையாட்டு உருவாக்கும் தொழிலில் இருந்த தந்தை, அப்பிள்ளையோடு கழித்த நாள்களையே ஒரு விளையாட்டாக ஆக்கத் தொடங்கினார். பணி முடியுமுன்பே, 2014 மார்ச்சில், ஐந்து வயதில் ஜோயல் இறந்தான். 2016 சனவரியில் 'தட் டிராகன், கேன்சர்' என்ற பெயரில் அது வெளிவந்தது.

அதில் மருத்துவமனை அறையொன்று வருகிறது. குழந்தை அழுகிறது. விளையாடுகிறவர் எதை எதையோ முயல்கிறார். பருகக் கொடுக்கிறார், தூக்கிக்கொள்கிறார், நடக்கிறார். அழுகை நிற்பதில்லை. விளையாட்டு என்றால் சரியான பொத்தானை அழுத்தினால் வழி திறக்கும் என்பதே நம் பழக்கம். இங்கே அந்தப் பொத்தான் இல்லை. எல்லா முயற்சியும் தீர்ந்தபின், தந்தை செபிக்கத் தொடங்குகிறார். நோயுற்ற பிள்ளையின் தலைமாட்டில் ஓர் இரவேனும் விழித்திருந்த எவரும் அந்த அறையை அறிவர். தாய் நலம் பெறுவான் என்றே நம்புகிறாள். தந்தை ஐயத்தில் மூழ்குகிறார். ஒருவரை மற்றவர் தேற்ற முடியாத நேரங்களும் அதில் உண்டு. அவற்றையும் அவர்கள் மறைக்கவில்லை. மருத்துவமனைக் காட்சி ஒன்றில் சுற்றிலும் வாழ்த்து அட்டைகள் வைக்கப்பட்டுள்ளன. புற்றுநோய்க்குத் தம் அன்பரைப் பறிகொடுத்த வேறு பல குடும்பங்கள் எழுதித் தந்தவை அவை. ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கலாம். வாசிக்காமலும் கடந்து போகலாம். புள்ளி எதுவும் கிடைக்காது.

இவ்விடத்தில் நம்மையே நாம் ஒரு கணம் தடுத்து நிறுத்திக்கொள்ள வேண்டும். முதிர்ச்சி என்றால் துயரம் என்று சொல்லிவிட்டோமோ? அப்படியாயின் சிரிப்பவர் எல்லாரும் பிஞ்சுகள் ஆகிவிடுவர். புனித தோமஸ் அக்குவினாஸ் விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டு என்றே கற்பித்தார். அளவாக விளையாடத் தெரியாது, பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாக நிற்பவனிடம் குறையுண்டு என்றார். அவர் பழைய கதை ஒன்றையும் எடுத்துரைக்கிறார். நற்செய்தியாளர் புனித யோவான் தம் சீடரோடு விளையாடிக் கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டனர். அவர்களுள் வில்லேந்திய ஒருவனை அம்பு எய்யச் சொன்னார் யோவான். பல முறை எய்தபின், இடைவிடாது எய்துகொண்டே இருக்க முடியுமா எனக் கேட்டார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனமும் அவ்வாறே என்றார் அவர். ஆடு புலி ஆட்டத்தில் பேரனிடம் தோற்றுவிட்டு வாய்விட்டுச் சிரிக்கும் தாத்தா, 'எம்' முத்திரையிட்ட நூறு விளையாட்டுகளைவிட முதிர்ந்த கேளிக்கையில் இருக்கிறார். தோற்கத் தெரிவது சிறிய தகுதியன்று.

பெரியவர்களாகிய நம் கேளிக்கைகளைப் பற்றியும் ஒரு சொல். மாலையில் செபமாலையை விரைந்து முடித்துவிட்டு நாம் அமரும் தொலைக்காட்சித் தொடர்களில், ஒருத்தி பாலில் நஞ்சு கலக்கிறாள். மற்றொருத்தி கருவைக் கலைக்கச் சூழ்ச்சி செய்கிறாள். அடுத்த வாரம் எல்லாம் மறக்கப்படும். அங்கும் பிணங்கள் தாமே மறைகின்றன. நடுக்கூடத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து அவற்றைப் பார்த்துவிட்டு, மூலையில் கணினி முன் இருக்கும் மகனிடம் வன்முறையைப் பற்றி நாம் எந்த வாயால் பேசுவது? அதே கூடத்தின் சுவரில் பாடுபட்ட சுரூபம் தொங்குகிறது. ஆணியடித்து, விலா குத்தப்பட்டுக் கொல்லப்பட்ட ஒருவரின் உருவத்தை, தவழும் வயது முதல் நம் பிள்ளைகளுக்குக் காட்டியே வளர்க்கிறோம். அதற்கு எவரும் வயது வரம்பு கேட்டதில்லை. ஏனெனில் ஒரு தாயோ பாட்டியோ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தக் காயத்தைத் தொட்டுக் காட்டி, "ஆண்டவருக்கு வலிக்கும்" என்று சொல்லித் தந்திருக்கிறாள்.

நண்பருக்கு நாம் கடைசியில் எழுதிய விடை அங்கிருந்தே வந்தது. தடுக்கவும் வேண்டாம், தனியே விடவும் வேண்டாம். அந்தப் போலந்து விளையாட்டை வாங்கிக்கொடுத்து, நீங்களும் நாற்காலியை இழுத்துப்போட்டு அவனருகில் அமருங்கள் என்று எழுதினோம். அதன் மேலும் அதே 'எம்', அதே '17+' உண்டு என்பதையும் மறைக்கவில்லை. முறைப்படி நாம் செய்தது தவறாகவும் இருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து நண்பர் தொலைபேசியில் அழைத்தார். மூன்றாம் நாள் இரவு பையன் அந்த முதியவர்களின் வீட்டிற்குப் போயிருக்கிறான். பெரியவர் பின்னாலேயே வந்து கெஞ்சினாராம். மகன் தந்தையைத் திரும்பிப் பார்த்திருக்கிறான். தந்தை ஒன்றும் சொல்லவில்லை. மருந்தை எடுத்துக்கொண்டான். நோயாளி பிழைத்தான். மறுநாள் விளையாட்டில் எல்லாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்பா, அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வழி இருக்கா?" என்று கேட்டானாம். நண்பருக்குத் தெரியவில்லை. பையன் கணினியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனான். வெகுநேரம் அவன் தூங்கவில்லை என்றும், அறையில் புரண்டு படுக்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது என்றும் நண்பர் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் கவலை இருந்தது.

அவனுக்குப் பதினேழு நிறைய அன்று இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன.